பனிக்கு என்ன வினை?

டிசம்பர் பிறந்ததும் மாதாப்பூரின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இரண்டு ஊர்ப்பெயர்கள் உலவத் தொடங்கும்: லம்பசிங்கி, ஊட்டி. வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலை பணிக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவில் 'ஸ்னோ' எங்கே கிடைக்கும் என்பதுதான் பேச்சு. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் லம்பசிங்கிக்கு 'ஆந்திரக் காஷ்மீர்' என்று ஒரு பட்டம் உண்டு. உதகையில் புல்வெளி வெளுத்த மறுநாளே தமிழ்ச் செய்தித் தளங்கள் அதற்கு 'மினி காஷ்மீர்' பட்டத்தைச் சூட்டிவிடும். இந்தியாவின் ஒவ்வொரு மலைக்கும் ஒரு காஷ்மீர் தேவைப்படுகிறது போலும். காஷ்மீருக்கே காஷ்மீராக இருக்க அனுமதி இல்லாத காலத்தில் இது ஒரு வேடிக்கை.

இவ்விரு ஊர்களிலும் வானத்திலிருந்து வெண்பனி விழுவதில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் நாம் காண்பது உறைபனி. முகிலற்ற, காற்றசைவற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய ஈரம் புல்லின் மேலேயே பளிங்காகிறது. குளிர்ந்த காற்று எடை கூடிச் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குவதால் குன்றின் உச்சி தப்பிவிடும், ஓடைக்கரை வெளுத்துவிடும். காற்றின் வெப்பநிலையைத் தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் அளக்கிறார்கள். அதனால்தான் செய்தியில் 2 பாகை என்று சொல்லப்படும் காலையிலும் புல் நுனியில் உறைபனி நிற்கிறது. ஆக, இது மேலிருந்து வருவது அன்று, கீழேயே விளைவது.

இதைச் சொன்னால் 'வெறும் சொல் தகராறு' என்று நண்பர்கள் நகைக்கிறார்கள். மொழியியல் படித்தவர்களிடம் அந்த நகைப்பு எடுபடாது. ஆனால், இந்தத் தகராறு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகச் சுட்ட வேண்டும். பெரும்பாலோர் நினைப்பதுபோல் அது பெயர்ச்சொல்லில் இல்லை என்பதே என் கருத்து.

'பனி' என்றதும் நம் துறையில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எஸ்கிமோ கதை. 1911இல் ஃபிரான்ஸ் போவாஸ், தரையில் கிடக்கும் பனி, விழும் பனி, காற்றில் அடித்துச் செல்லப்படும் பனி, குவிந்த பனி என நான்கிற்கு வெவ்வேறு வேர்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார். 1940இல் பெஞ்சமின் லீ வோர்ஃப் அதை ஒரு கட்டுரையில் சற்றே நீட்டினார். பிறகு செய்தித்தாள்களும் பாடநூல்களும் ஐம்பது, நூறு, இருநூறு என்று ஏலம் விட்டன. 1986இல் லாரா மார்ட்டின் இந்தப் பெருக்கத்தின் வரலாற்றைத் தடம் பிடித்துக் காட்டினார். ஜெஃப்ரி புல்லம் அதைத் தம் 1991ஆம் ஆண்டு நூலின் தலைப்புக் கட்டுரையாக்கி எள்ளி நகையாடினார். அதன்பின் இகோர் குருப்னிக் போன்றோர் களத்துக்குத் திரும்பிப் போய், போவாஸ் அவ்வளவு தவறாகச் சொல்லிவிடவில்லை, பனிக்கட்டியின் மேல் வேட்டையாடி வாழ்வோரிடம் அதற்கான நுண்ணிய கலைச்சொற்கள் மிகுதியாகவே உள்ளன என்று எழுதினார்கள். எண்ணிக்கை ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. சொற்களைத் தொகுத்தே புதுச்சொல் ஆக்கும் மொழியில் 'எத்தனை சொல்' என்ற கேள்விக்கு விடையே கிடையாது என்பது மட்டும் மாறவில்லை.

தமிழுக்கும் இது பொருந்தும். மூடுபனி, நீர்ப்பனி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி, பனிச்சரிவு என நாமும் அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாவற்றிலும் வேர் ஒன்றுதான். அந்த வேரின் வரலாறுதான் சுவையானது. பனித்தல் என்றால் நடுங்குதல். கண் பனித்தது என்றால் நீர் துளிர்த்தது. கன்னடத்தில் இந்த வேர் 'ஹனி' ஆகித் துளியைக் குறிக்கிறது. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். திருச்சூரிலிருந்து வந்து என்னுடன் பயிலும் தோழி 'பனியாணு' என்று சொல்லிப் படுத்த நாளில், எங்கள் வீட்டுத் தமிழ் நண்பர் ஒருவர் சன்னலைச் சாத்தினார்! துளி, நடுக்கம், காய்ச்சல், கண்ணீர்: குளிர் ஓர் உடம்பின் மேல் செய்யும் வேலைகளாகவே இவை எல்லாம் எனக்குப் படுகின்றன. பனி என்பது ஒரு பொருளின் பெயராக இருப்பதற்கு முன்பே ஒரு நிகழ்வின் பெயராக இருந்திருக்கலாம் என்று நான் ஐயுறுகிறேன்.

தெலுங்கு வேறு வழியில் போயிற்று. இங்கே பனி, உறைபனி, வெண்பனி எல்லாவற்றுக்கும் ஒரே சொல், 'மஞ்சு'. தெலுங்கர் நாவில் அது 'மன்த்சு' என்பதற்கு அருகில் ஒலிக்கும். மூடுபனிக்குப் 'பொகமஞ்சு', அதாவது புகைமஞ்சு. தமிழிலும் மஞ்சு உண்டு. ஆனால் அது முகிலாகவும் செய்யுட் சொல்லாகவும் ஒதுங்கிவிட்டது. நீலகிரியின் குந்தா வட்டத்தில் மஞ்சூர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. மஞ்சு தவழும் ஊர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஊர்ப்பெயர்க் கதைகளை உடனே நம்பிவிடக் கூடாது என்பது எங்கள் துறையின் முதற்பாடம்; ஆயினும் அங்கே காலை பத்து மணிக்குப் பேருந்தின் முகவிளக்கை எரியவிட்டு வருவதைப் பார்த்தவர்கள் அந்தக் கதையோடு சண்டைக்குப் போக மாட்டார்கள்.

அந்த மஞ்சூருக்கு அருகில்தான் என் தாய்வழி உறவினர்கள் இருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அதன்படி நுவரெலியாப் பக்கத்திலிருந்து நீலகிரிக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் அதுவும் ஒன்று. இப்படி வந்தோருக்கு வேலை கொடுக்கவே 1968இல் தமிழக அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. ஒரு தேயிலை மலையிலிருந்து பெயர்க்கப்பட்டு இன்னொரு தேயிலை மலையில் நடப்பட்டவர்கள். கவ்வாத்து, கொழுந்து, கங்காணி என்ற சொற்களும் அவர்களோடு கப்பலேறி வந்தன. பனியைப் பற்றிய பேச்சும் வந்தது. நுவரெலியாவும் ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி காணும் ஊர்தான்.

கடந்த ஜனவரியில் ஒரு வார இறுதிக்கு அங்கே போயிருந்தேன். ஞாயிறு விடியலில் ஓடைக்கரையில் இருந்த கேரட் பாத்தி முழுதும் வெளுத்திருந்தது. அதற்கு மேலே சரிவில் சித்தியின் அரை ஏக்கருக்கும் குறைவான தேயிலை, கீழ்ப்பாதி மட்டும் வெள்ளை. உண்மையிலேயே அழகாக இருந்தது. இதைச் சொல்லாமல் விடுவது பொய். சித்தி சொன்னது இவ்வளவுதான்: "படம் எடுத்தது போதும் சாமி, அந்தத் தண்ணியத் திருப்பு. வெயில் ஏறுனா கருக்கிரும்." வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும், இல்லையேல் உறைந்த இலை திடீரென இளகிச் செத்துவிடும். செடிகளின் மேல் முந்தின மாலையே காட்டுத்தழையை வெட்டிப் போர்த்தி வைத்திருந்தார்கள். தழை எட்டாத வரிசைகள் அன்று மதியத்துக்குள் செம்பழுப்பாயின. அம்மாயி வாசலில் அமர்ந்து பார்த்துவிட்டு, "அங்கிட்டும் இப்பிடித்தான். பனி சுட்டா கொழுந்து பொசுங்கிரும்" என்றார். அவருக்கு 'அங்கிட்டு' என்றால் இன்றும் இலங்கைதான்.

கருக்கும், சுடும், பொசுங்கும். மூன்றும் நெருப்பின் வினைகள்.

ஒரு வீட்டின் பேச்சைக் கொண்டு ஒரு வட்டார வழக்கைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. அதைத் தரவு என்று அழைக்கவும் நான் தயாரில்லை. ஆனால் இதற்கு நிகரான வினைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். சமவெளியில் பனி பெய்யும், இறங்கும், விழும். மார்கழி இரவில் 'பனி இறங்குது, உள்ளே வா' என்று பிள்ளைகளை அழைப்பவர்கள், அதை ஒரு விருந்தாளியின் வருகையைப்போலச் சொல்கிறார்கள். நெடுஞ்சாலை ஓட்டுநருக்குப் பனி மூடும், விலகும். டொரன்டோவில் வாழும் ஈழத்தமிழருக்கு 'ஸ்னோ' கொட்டும். கொட்டியதைத் தள்ள வேண்டும். அங்கே பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கிவிட்டார்கள், வினையை வாங்கவில்லை. மூட்டை அவிழ்ந்து நெல் கொட்டுவதற்கும் மழை கொட்டுவதற்கும் நாம் ஆளும் அதே வினை, மைனஸ் இருபதிலும் வேலை செய்கிறது. புலம்பெயர் இலக்கியம் பற்றிப் பேசுவோர் பனியும் பனி சார்ந்த நிலமும் தமிழின் ஆறாம் திணை என்றார்கள். அந்தத் திணைக்கு முதற்பொருள், கருப்பொருள் என்று பட்டியலிட்டவர்கள் அதன் வினைகளையும் பட்டியலிட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

இலக்கணத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பெரும்பொழுதுகளில் கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்கு, பின்பனி பாலைக்கு. மார்கழி, தையில் இரவின் முற்பாதியில் பனி மிகும். மாசி, பங்குனியில் பிற்பாதியில் மிகும். அதனாலேயே அப்பெயர்கள் என்று விளக்குவார்கள். அதாவது நம் மரபு பனியை எவ்வளவு என்று அளக்கவில்லை, எப்போது என்று அளந்தது. அது ஒரு காலக்கணக்கு. மலையில் வாழ்கிறவர்களின் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது: நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர் கழிவதற்குள் உறைபனி, பிப்ரவரி வரை கொழுந்து குறைவு.

இனி, செய்தித் தமிழுக்கு வருகிறேன். 'உதகையில் உறைபனிப் பொழிவு: சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்' என்ற வாய்பாட்டில் ஒவ்வோர் ஆண்டும் தலைப்பு வருகிறது. உறைபனி பொழிவதில்லையே என்று அறிவியல் ஆசிரியர்போல் திருத்தினால், எதிர்வாதம் உடனே எழும்: பனித்துளியும்தான் வானத்திலிருந்து விழுவதில்லை; அதைப் பெய்கிறது என்று இரண்டாயிரம் ஆண்டாகச் சொல்லி வரவில்லையா? சொல்லி வருகிறோம். மொழி இயற்பியலுக்குக் கட்டுப்பட்டதன்று. ஞாயிறு எழுகிறது என்று சொல்வதை நான் கைவிடப் போவதில்லை. எனவே என் மறுப்பு அறிவியல் அடிப்படையிலானது அன்று.

என் மறுப்பு இது: 'பொழிவு' என்பது பெறுகிறவரின் சொல். மழை பொழியும், அருள் பொழியும், அன்பு பொழியும். அதன் முன்னே நிற்பவர் கையை விரித்து நிற்கிறார். அதே விடியலில் அதே ஓடைக்கரையில் 'கருக்கிருச்சு' என்று சொல்கிறவர் இழந்து நிற்கிறார். ஒரே நிகழ்வுக்கு இரண்டு வினைகள் இருப்பதில் குற்றமில்லை. செய்தித்தாளின் தலைப்புக்கும், சுற்றுலா விளம்பரத்துக்கும், நம்முடைய வார இறுதிப் படங்களின் கீழுள்ள வரிக்கும் ஒன்று மட்டுமே ஏறுகிறது என்பதுதான் குறை. மற்றது உள்பக்கத்தில், 'தேயிலை விவசாயிகள் கவலை' என்று இரண்டு பத்திக்குள் அடங்கிவிடும். அங்கும் கொழுந்து பறிப்பவர் இருக்க மாட்டார்.

இதில் பணமும் இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் நெறிமுறைகளில் மைய அரசு அறிவித்த பேரிடர்கள் 12. புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல். பன்னிரண்டாவது, உறைபனியும் குளிரலையும். அரசின் ஏட்டில் அது வெள்ளத்துக்கும் தீக்கும் அடுத்த வரியில் இருக்கிறது. நம் பேச்சில் அது கேளிக்கை. பயிரில் 33 விழுக்காடும் அதற்கு மேலும் இழந்தால் இடுபொருள் உதவி உண்டு என்கிறது விதி. அதைப் பெற, இழப்பை ஒருவர் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுக்க வேண்டுமென்றால் அது இழப்பு என்று முதலில் தோன்ற வேண்டும். மாவட்டமே படம் எடுத்துக் கொண்டாடும் காலையில் சரிவின் கீழ்ப்பாதி கருகியதை யார் எழுதுவது? அப்படியே எழுதினாலும் அவ்வுதவி நிலம் வைத்திருப்பவருக்கு உரியது. நாட்கூலிக்குப் பறிப்பவருக்குப் பனி மாதம் என்றால் வேலைநாள் குறைந்த மாதம். அதற்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. சித்திக்கு இரண்டு வேடமும் உண்டு. மூன்று நாள் தம் செடியில், மற்ற நாள் பிறர் தோட்டத்தில்.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பகுதியிலேயே அவலாஞ்சி என்று ஓரிடம் இருக்கிறது. பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரும் மண்சரிவு நேர்ந்தது. வெள்ளையர் தம் ஊர்ச் சொல்லை அதற்கு வைத்தார்கள். அங்கே பனிமலையே கிடையாது. நம் மக்கள் அதை வாங்கி நாவுக்கேற்ப வளைத்து 'அவலாஞ்சி' ஆக்கி, பொருளைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் அதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மலை மீண்டும் சரிந்தது. கடன்பெற்ற சொல் தன் பழம்பொருளை மலையிடமே கேட்டு வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது எனக்கு. மொழியியலாளர் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்பது தெரியும்.

துறை நண்பர்களிடம் ஒரு சொல். எமனோ 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கித் தோடரிடமும் கோத்தரிடமும் கற்றவை பின்னாளில் பர்ரோவுடன் அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதிக்கு உரமாயின. நீலகிரி அன்றிலிருந்து மொழியியலாளரின் செல்ல மலை. ஆனால் நம் கண் அங்கே எப்போதும் தொன்மையைத் தேடியே போகிறது. தோடம், கோத்தம், இருளம், படகம் என்று. அறுபதாண்டு வயதுடைய தேயிலைக் காட்டுத் தமிழ் 'வெறும் தமிழ்' என்று ஒதுக்கப்படுகிறது. இரண்டு மலைகளில் ஊறி, சிங்களச் சொல்லும் ஆங்கிலத் தோட்டச் சொல்லும் படகரிடம் பெற்ற சொல்லும் கலந்து நிற்கும் அந்தத் தமிழைப் பேசும் முதல் தலைமுறை இப்போது எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறது. கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் செய்ததைப்போல இதற்கும் யாரேனும் அமர்ந்து செய்ய வேண்டும். செய்யும்போது பெயர்ச்சொற்களோடு நின்றுவிடக் கூடாது. நம் அகராதிகள் 'பனி' என்ற சொல்லுக்குப் பொருள் தருவதில் குறை வைக்கவில்லை. எந்தப் பனியோடு எந்த வினை சேரும், அதை யார் சேர்ப்பார் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களின் நல்லூழுக்கு விட்டுவிடுகின்றன. 'பனி கருக்கும்' என்ற தொடர் 'பனி' என்ற பதிவில் இடம்பெறாதவரை அந்தப் பதிவு சமவெளியின் பதிவுதான்.

ஆகவே இந்தப் பதிவைப் படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். குன்னூர், கோத்தகிரி, குந்தா, வால்பாறை, மூணாறு, கொடைக்கானல், நுவரெலியா, அட்டன் பக்கத்தில் வீடோ உறவோ உடையவர்கள், அங்கே பனிக்கு என்ன வினை சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சொன்னவரின் பெயர் வேண்டாம். அகவை, ஊர், செய்யும் வேலை, எந்த மாதத்தில் எதைப் பார்த்துச் சொன்னார் என்பது மட்டும் போதும். 'உறைபனி' என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுத்துக்கொடுத்துக் கேட்காதீர்கள். விடியலில் வெளுத்துக் கிடப்பதைக் காட்டி, இது என்ன செய்தது என்று கேளுங்கள். கனடாவிலும் நோர்வேயிலும் இருப்பவர்கள் பிள்ளைகளிடம் அன்றி அப்பாயி, அம்மாயியிடம் கேளுங்கள். லம்பசிங்கிப் பக்கம் போகும் என் தெலுங்கு நண்பர்களுக்கும் இதே வேலையைக் கொடுத்திருக்கிறேன். மஞ்சு அங்கே குரியும், அதாவது பெய்யும் என்பது எனக்குத் தெரியும். காப்பிச் செடி வளர்ப்பவரிடம் அது வேறென்ன செய்யும் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.